உடைந்த தமிழ் வரிகளை ஒட்டியது: செட், விம், கொஞ்சம் ஓடி

ஒரு கோப்புறை நிறையப் பழைய தமிழ் உரைக்கோப்புகள். கட்டுரை, கடிதம், கதை, கொஞ்சம் கவிதை என்று முந்நூறுக்குப் பக்கம் இருக்கும். எல்லாமே யூடிஎஃப்-8 என்ற யூனிகோடு குறியேற்றம். பல வருடங்களாகப் பல கணினி மாறி, விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் திறந்து மூடப்பட்டவை. இவற்றில் முக்கால்வாசிக் கோப்புகளில் வரி கண்ட இடத்தில் உடைந்திருந்தது. சில இடங்களில் சொல்லே இரண்டாகிக் கிடந்தது. சில இடங்களில் எழுத்தே பிளந்து, கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறியாக நின்றது. இப்போது எல்லாம் ஒழுங்காகிவிட்டன, ஓர் எழுத்துகூடத் தொலையவில்லை என்று சோதித்தும் பார்த்துவிட்டேன். செய்த வரிசை மறந்துபோவதற்குள் எழுதி வைக்கிறேன்.

கருவி எல்லாம் இலவசம், பெரும்பாலும் லினக்ஸோடு கூடவே வருபவை: செட் (உரையை வரிவரியாக மாற்றுவது), விம் (எடிட்டர்), ஓடி (பைட்டுகளைக் காட்டுவது), கிரெப் (தேடுவது), ஆக் (வரிகளை அலசுவது), ஐகான்வ் (குறியேற்றம் மாற்றுவது). விம் மட்டும் சில கணினிகளில் தனியாக நிறுவ வேண்டியிருக்கும். செலவு என்றால் பார்த்துப் பார்த்துப் பிரித்த நேரம்தான். கட்டளைகளை வாயால் சொல்கிற மாதிரியே எழுதுகிறேன், விசைப்பலகையில் அப்படியே தட்டிக்கொள்ளலாம்.

முதலில் விம்மில் ஒரு கோப்பைத் திறந்தேன். தமிழே தெரியவில்லை. திரை முழுக்க மேலே குறி போட்ட லத்தீன் எழுத்துகள். இதற்குக் காரணம் விம்மின் பழக்கம். கோப்பை யூடிஎஃப்-8 என்று வைத்துப் படிக்க ஆரம்பிக்கும், நடுவில் ஒரே ஒரு பைட் தப்பாக இருந்தாலும் அந்த முடிவைக் கைவிட்டு, முழுக் கோப்பையும் லத்தீன்1 என்ற ஐரோப்பிய எழுத்துக் குறியேற்றமாக எடுத்துக்கொள்ளும். அதாவது கோப்பு நாசமாகிவிடவில்லை, எங்கோ ஒரு எழுத்து உடைந்திருக்கிறது, அவ்வளவுதான். இந்த நிலையில் எதையும் தட்டாமல் சேமித்தால் எழுத்துகளின் பைட்டுகள் அப்படியே இருக்கும். பயப்பட வேண்டாம்.

எழுத்து உடைந்த இடத்தைப் பார்க்க கேட் கட்டளையோடு பெரிய ஏ போட்டுப் பார்த்தேன். ஆங்கிலக் கோப்பு என்றால் இது அருமையான வழி, வரி முடிவு கண்ணுக்குத் தெரியும். தமிழுக்கு உதவாது. ஒவ்வொரு பைட்டையும் எம், கோடு, ஏதோ ஒரு குறி என்று மாற்றிக் காட்டுவதால் வரிமுடிவு எது, எழுத்து எது என்றே புரியாது. அங்கிருந்து ஓடி கட்டளைக்குப் போனேன். ஓடி, இடைவெளி, மைனஸ் சி. இது ஆங்கில எழுத்துகளை அப்படியே காட்டும், தமிழின் ஒவ்வொரு பைட்டையும் எட்டடிமான எண்ணில் காட்டும். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8-ல் மூன்று பைட், அதில் முதலாவது எப்போதும் 340, இரண்டாவது 256 அல்லது 257. இது மனதில் பதிந்துவிட்டால் ஓடியின் வெளியீட்டைத் தமிழாகவே படிக்கலாம்.

'கடல்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். க என்பது 340 256 225. ட என்பது 340 256 237. ல என்பது 340 256 262. புள்ளி 340 257 215. மொத்தம் 12 பைட். என் கோப்பில் அது இப்படி இருந்தது: க, ட இரண்டும் முழுதாக, அப்புறம் 340 256, அப்புறம் ஒரு வரிமுடிவு, அடுத்த வரியின் முதல் பைட் 262. ல-வின் இரண்டு பைட் மேல்வரியிலும் ஒரு பைட் கீழ்வரியிலும் கிடந்தன. நடுவில் இருக்கும் அந்த ஒரு வரிமுடிவை எடுத்தால் ல திரும்பி வந்துவிடும்.

யாராவது கையால் தட்டி எழுத்தை இப்படிப் பிளக்க முடியாது. ஒரு நிரல்தான் செய்திருக்க வேண்டும். அதற்கும் தடயம் கோப்பிலேயே இருந்தது. ஆங்கிலம் கலந்த பத்திகளில் வரி அகலமாக ஓடியது, தமிழ் வரிகள் அதில் மூன்றில் ஒரு பங்குதான் இருந்தன. ஆக் நிரலில் வரி நீளத்தை அச்சிட்டு, சார்ட், யூனிக் மைனஸ் சி வழியாக விட்டேன். ஆக்குக்கு முன்னால் எல்சி_ஆல் சமம் சி என்று பெரிய எழுத்துகளில் போட வேண்டும், அப்போதுதான் எழுத்தை எண்ணாமல் பைட்டை எண்ணும். விடை ஒரே எண்ணில் குவிந்தது: 80. நீள வரிகளை நறுக்கும் ஃபோல்டு கட்டளை, நாம் எதுவும் சொல்லாவிட்டால் எடுத்துக்கொள்ளும் அகலமும் 80. பல லினக்ஸ் கணினிகளில் நெடுங்காலமாக இருக்கும் ஃபோல்டு பைட்டைத்தான் எண்ணும், எழுத்தை எண்ணாது. 80 பைட் என்றால் தமிழில் இருபத்தாறு குறி, மிச்சம் இரண்டு பைட். புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறி என்பதால் கண்ணுக்குத் தெரியும் எழுத்து அதைவிடவும் குறைவு. எப்போதோ யாரோ அச்சுக்காகவோ அஞ்சலுக்காகவோ இவற்றை ஃபோல்டு வழியே விட்டிருக்கிறார்கள்.

சரி, காரணம் தெரிந்துவிட்டது. இனி விண்டோஸ் வரிமுடிவை நீக்குவதுதான் எல்லோரும் சொல்லும் முதல் வேலை. விண்டோஸில் வரி முடிவுக்கு இரண்டு பைட், சிஆர் என்கிற 13-ம் எல்எஃப் என்கிற 10-ம். லினக்ஸில் எல்எஃப் மட்டும். விம்மில் கோலன், பர்சென்ட், எஸ், ஸ்லாஷ், பேக்ஸ்லாஷ் ஆர், டாலர், ஸ்லாஷ், ஸ்லாஷ் என்று தட்டினால் எல்லா சிஆரும் போய்விடும். ஒரு நகலில் அதைத்தான் செய்தேன். கோப்பு சுத்தமாகத் தெரிந்தது. ஆனால் அடுத்த படியில் வழி அடைத்துக்கொண்டது. எந்த வரிமுடிவு ஃபோல்டு போட்டது, எது எழுதியவர் பத்தி முடித்துப் போட்டது என்று பிரிக்க ஒரு அடையாளமும் மிஞ்சவில்லை.

மூலக் கோப்புக்குத் திரும்பிப் போய், சிஆர் எங்கெங்கே இருக்கிறது என்று பார்த்தேன். இந்த வேலை முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். சிஆர் எல்லா வரியிலும் இல்லை. சில வரிகளின் கடைசியில் மட்டும், விம் சிஆரைக் காட்டும் விதத்தில், தொப்பிக்குறியும் எம்-மும் வேறு நிறத்தில் நின்றன. அவை நின்ற இடமெல்லாம் முற்றுப்புள்ளி, பத்தி முடிவு, தலைப்பு. கோப்பு விண்டோஸில் எழுதப்பட்டது, எனவே உண்மையான வரிமுடிவு ஒவ்வொன்றிலும் சிஆரும் எல்எஃபும் இருந்தன. பிறகு லினக்ஸில் ஃபோல்டு நறுக்கியபோது அது போட்டது வெறும் எல்எஃப். ஆகவே சிஆர் உள்ள முடிவு எழுதியவருடையது, சிஆர் இல்லாத முடிவு நிரலுடையது. குப்பை என்று முதலில் தூக்கி எறியச் சொல்லும் அந்த 13-தான் எங்கே ஒட்ட வேண்டும், எங்கே விட வேண்டும் என்று காட்டும் வரைபடம். கலப்பு வரிமுடிவு உள்ள கோப்பு கிடைத்தால் அதை ஒரே மாதிரி ஆக்குவதற்கு முன், கலப்பு ஏன் வந்தது என்று பார்த்துவிட வேண்டும்.

எனவே முதல் வேலை கோப்புகளைப் பிரிப்பது. கிரெப் மைனஸ் சி, அதற்கப்புறம் டாலர் போட்டு ஒற்றை மேற்கோளுக்குள் பேக்ஸ்லாஷ் ஆர். பேஷ் ஷெல்லில் இது சிஆர் உள்ள வரிகளை எண்ணித் தரும். பக்கத்திலேயே மொத்த வரிகளை எண்ணும் டபிள்யூசி மைனஸ் எல். இரண்டு எண்ணும் சமம் என்றால் சாதாரண விண்டோஸ் கோப்பு. சிஆர் சுழியம் என்றால் லினக்ஸ் கோப்பு. சிஆர் இருந்து, வரியைவிடக் குறைவு என்றால் கலப்பு. டபிள்யூசி சுழியம் காட்டி, கோப்பு பெரிதாக இருந்தால் பழைய மேக் கோப்பு, அதில் சிஆர் மட்டுமே வரிமுடிவு. மேக் ஓஎஸ் எக்ஸ் வருவதற்கு முன் அப்படித்தான் இருந்தது. எனக்கு அப்படி ஒன்றும் கிடைக்கவில்லை. ஃபைல் கட்டளையும் வரிமுடிவு வகையைச் சொல்லும், எண்ணிக்கை தராது. எனக்கு எண்ணிக்கை வேண்டியிருந்தது.

கலப்புக் கோப்புகளுக்கு செட். இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். செட்டில் எஸ், ஸ்லாஷ், பேக்ஸ்லாஷ் என், ஸ்லாஷ், ஸ்லாஷ் என்று மட்டும் கொடுத்தால் ஒன்றும் நடக்காது. பிழையும் காட்டாது. செட் ஒவ்வொரு வரியாக எடுக்கும், எடுக்கும்போதே கடைசி எல்எஃபைக் கழற்றிவிடும், அச்சிடும்போது திரும்ப மாட்டும். அதன் கையில் இருக்கும் வரியில் தேடுவதற்கு எல்எஃபே கிடையாது. பெரிய என் கொடுத்து அடுத்த வரியை இழுத்துச் சேர்த்தால்தான் இரண்டுக்கும் நடுவே எல்எஃப் வரும், அப்புறம் அதை அழிக்கலாம்.

நான் கொடுத்த செட் கட்டளை இந்த வரிசையில் போகும். கோலன் ஏ, இது ஒரு லேபிள். ஸ்லாஷ், பேக்ஸ்லாஷ் ஆர், டாலர், ஸ்லாஷ், ஆச்சரியக்குறி: வரி சிஆரில் முடியாவிட்டால் என்று பொருள். அடைப்பு திறந்து, டாலர், ஆச்சரியக்குறி: இது கோப்பின் கடைசி வரியாகவும் இல்லாவிட்டால். இன்னொரு அடைப்பு திறந்து, பெரிய என், அரைப்புள்ளி, எஸ், ஸ்லாஷ், பேக்ஸ்லாஷ் என், ஸ்லாஷ், ஸ்லாஷ், அரைப்புள்ளி, பி, ஏ. கடைசி பி, ஏ இரண்டும் லேபிளுக்குத் திருப்பி அனுப்பும், இரண்டு அடைப்பையும் மூடு. இவற்றை அரைப்புள்ளி போட்டுப் பிரித்து, முடிவில் சிஆரை நீக்கும் எஸ் கட்டளை. அடைப்பு என்றது சுருள் அடைப்பு. எல்லாவற்றுக்கும் முன்னால் மறுபடியும் எல்சி_ஆல் சமம் சி. உடைந்த பைட்டுகளை செட் பைட்டாகவே பார்க்கட்டும் என்பதற்காக. இது குனூ செட். பிஎஸ்டி வகை செட்டில் லேபிளும் பேக்ஸ்லாஷ் ஆரும் இதே மாதிரி வேலை செய்யாது. மேக் வைத்திருப்பவர்கள் குனூ செட்டை நிறுவிக்கொள்வது நல்லது.

ஒட்டும்போது இடைவெளி வைக்க வேண்டுமா? இந்தக் கோப்புகளுக்கு வேண்டாம். ஃபோல்டு எதையும் தின்னாது, வெறுமனே எல்எஃபைச் செருகும். சொல் நடுவில் உடைந்திருந்தால் ஒன்றும் இல்லாமல் ஒட்ட வேண்டும். சொற்களுக்கு நடுவில் உடைந்திருந்தால் அந்த இடைவெளி ஏற்கெனவே மேல்வரியின் கடைசியிலோ கீழ்வரியின் முதலிலோ பத்திரமாக இருக்கும். அதனால் ஒட்டுவதற்கு முன்னால் வரிக் கடைசி இடைவெளிகளை அழகுக்காகக் கத்தரித்துவிடக் கூடாது. பல எடிட்டர்கள் சேமிக்கும்போதே அதைச் செய்துவிடும், அந்த அமைப்பை அணைத்து வைத்தேன்.

பிளந்திருந்த எழுத்துகள் எல்லாம் இதிலேயே ஒட்டிக்கொண்டன. புள்ளி வட்டத்தோடு வரி ஆரம்பத்தில் அனாதையாக நின்ற துணைக்கால்களும் கொம்புகளும்கூட மேல்வரி எழுத்தோடு போய்ச் சேர்ந்தன.

அடுத்தது சிஆரே இல்லாத, ஆனால் ஃபோல்டு நறுக்கிய கோப்புகள். வரைபடம் கிடையாது. ஆனால் நீளம் இருக்கிறது: சரியாக 80 பைட் உள்ள வரி நறுக்கப்பட்டது, அதைவிடக் குறைவான வரி இயல்பான முடிவு. செட்டில் முன்பு சிஆர் இருக்கிறதா என்று கேட்ட இடத்தில், வரி நீளம் 80-ன் மடங்கா என்று கேட்டேன். 80-ம் 80-ம் சேர்ந்து 160 ஆனால் இன்னும் மடங்கு, அடுத்ததையும் இழு. 160-ம் 35-ம் சேர்ந்து 195 ஆனால் மடங்கு இல்லை, பத்தி முடிந்தது, அச்சிடு.

நன்றாகத்தான் போனது, ஒரு கோப்பில் இரண்டு பத்திகள் ஒட்டிக்கொண்டதைப் பார்க்கும் வரை. ஒரு பத்தி சரியாக 80-ன் மடங்கில் முடிந்திருக்கிறது. அடுத்தது வெற்றுவரி. 160-ஓடு சுழியத்தைக் கூட்டினால் 160-தான், இன்னும் மடங்கு, எனவே அடுத்த பத்தியையும் இழுத்துவிட்டது. பெரிய என்-க்கு அடுத்து ஒரு சோதனை சேர்த்தேன்: ஸ்லாஷ், பேக்ஸ்லாஷ் என், டாலர், ஸ்லாஷ், பி. இழுத்த வரி காலியாக இருந்தால் ஒட்டாமல் அப்படியே அச்சிட்டுவிடு என்று அர்த்தம். வெற்றுவரியே இல்லாமல் பத்தி பிரித்த கோப்புகளில் இதுவும் உதவாது. அவற்றில் முற்றுப்புள்ளியோடு முடியும் 80 பைட் வரிகளைக் கிரெப்பில் பட்டியலெடுத்து, ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்தேன். அதிகம் இல்லை.

மூன்றாவது வகை, மனிதர் கையால் எண்டர் தட்டி உடைத்த வரிகள். இங்கே சொல் முழுசாக இருக்கும், வரிக் கடைசியில் இடைவெளி இருக்காது, ஒட்டும்போது ஓர் இடைவெளி வைக்க வேண்டும். கவிதையும் முகவரியும் பட்டியலும் கலந்திருப்பதால் கண்மூடி ஓட்ட முடியாது. இதற்கு விம்தான் சரி.

விம்மில் வி, ஐ, பி, பெரிய ஜே என்று தட்டினால் பத்தி முழுவதும் ஒரே வரியாகும். ஆனால் ஒரே வரி உள்ள பத்தியில் இதைச் செய்தால் அடுத்த வெற்றுவரியை இழுத்துக்கொள்ளும், ஏனென்றால் பெரிய ஜே-வுக்குக் குறைந்தது இரண்டு வரி வேண்டும். அதோடு புள்ளி விசையால் திரும்பச் செய்தால் முன்பு எத்தனை வரி எடுத்ததோ அத்தனை வரியைத்தான் எடுக்கும், புதிய பத்தியின் அளவைப் பார்க்காது. அதனால் வழியை மாற்றினேன். கோலன், செட் (இது விம்மின் அமைப்புக் கட்டளை, மேலே சொன்ன செட் கருவி அல்ல), டெக்ஸ்ட்வித் சமம் 99999 என்று வைத்துவிட்டு, ஜி, க்யூ, ஐ, பி. பத்தியை அந்த அகலத்துக்கு மடிக்கச் சொல்கிறோம், அகலம் பெரிது என்பதால் எல்லாம் ஒரே வரியில் வந்துவிடும். ஒற்றைவரிப் பத்தி அப்படியே இருக்கும். புள்ளி விசையும் ஒழுங்காக வேலை செய்யும். வலது சுருள் அடைப்பு, ஜே தட்டினால் அடுத்த பத்திக்குப் போகலாம். உரைநடை என்றால் புள்ளி, கவிதை என்றால் தாண்டிவிடலாம். விரல் பழகிவிட்டால் வேகமாகவே போகிறது, ஒவ்வொரு பத்தியையும் ஒரு தடவை பார்த்துவிட்டோம் என்ற நிம்மதியும் கிடைக்கிறது.

விம்மில் தமிழுக்கு ஒரு எச்சரிக்கை. ஃபார்மட்ஆப்ஷன்ஸ் என்ற அமைப்பில் பெரிய எம் அல்லது பெரிய பி இருந்தால், பன்பைட் எழுத்துகளை ஒட்டும்போது இடைவெளி வைக்காது. சீன, ஜப்பானிய உரைக்காக உள்ள வசதி இது. தமிழும் பன்பைட் என்பதால் சொற்கள் எல்லாம் ஒட்டிப்போகும். வேறொருவரின் அமைப்புக் கோப்பை எடுத்துப் பயன்படுத்துகிறவர்கள் இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று, விம்மில் மாற்றும்போது தேடும் பக்கம் பேக்ஸ்லாஷ் என் வரிமுடிவு. ஆனால் மாற்றிப் போடும் பக்கம் வரிமுடிவு வேண்டும் என்றால் பேக்ஸ்லாஷ் ஆர் போட வேண்டும். அங்கே என் போட்டால் வரி உடையாது, சுழிய பைட் ஒன்று நுழைந்து தொப்பிக்குறியும் அட்-குறியுமாக நிற்கும்.

கடைசியாகச் சோதனை. இதை முதலிலேயே திட்டமிட்டதால் தைரியமாக வேலை செய்ய முடிந்தது. டிஆர் மைனஸ் டி கொடுத்து மூலக் கோப்பிலிருந்து சிஆர், எல்எஃப் இரண்டையும் நீக்கி, மிச்சத்தை எஸ்எச்ஏ256சம் வழியே விட்டேன், அது உள்ளடக்கத்துக்குக் கைரேகை மாதிரி ஓர் எண் தரும். சரிசெய்த கோப்புக்கும் அதே. இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால் வரிமுடிவு தவிர ஒரு பைட்கூட மாறவில்லை. கையால் உடைத்த வகைக்கு இடைவெளியையும் சேர்த்து நீக்கி ஒப்பிட்டேன். இதில் ஒரு கோப்பு மாறுபட்டது, பார்த்தால் விம்மில் தவறி ஒரு எக்ஸ் விசை தட்டுப்பட்டு ஓர் எழுத்து போயிருந்தது. இந்தச் சோதனை இல்லாவிட்டால் அது யாருக்கும் தெரிந்திருக்காது.

பிறகு ஐகான்வ், யூடிஎஃப்-8-லிருந்து யூடிஎஃப்-8-க்கே மாற்றச் சொல்லி, வெளியீட்டைத் தூக்கிப் போட்டேன். எழுத்து எங்காவது இன்னும் பிளந்திருந்தால் எந்தப் பைட்டில் என்று பிழை காட்டும். ஒன்றும் காட்டவில்லை. கிரெப்பில் மைனஸ் பெரிய பி போட்டு, துணைக்குறியில் தொடங்கும் வரி இருக்கிறதா என்றும் தேடினேன், இல்லை.

மிச்சம் இருந்தது சின்ன வேலைகள். சில கோப்புகளின் தலையில், யூனிகோடு கோப்பு என்று அடையாளம் காட்டும் பிஓஎம் என்ற மூன்று பைட் இருந்தது, விம்மில் செட் நோபாம் போட்டுச் சேமித்ததும் போய்விட்டது. சில கோப்புகளின் கடைசி வரியில் எல்எஃப் இல்லை. அப்படியே கேட் கொடுத்து இணைத்தால் ஒரு கோப்பின் கடைசி வரியும் அடுத்ததன் முதல் வரியும் ஒட்டிக்கொள்ளும். விம்மில் திறந்து சேமித்தாலே அது சேர்த்துவிடுகிறது.

அடுத்த தடவை செய்தால் சிலவற்றை மாற்றுவேன். எதையும் தொடுவதற்கு முன் கோப்புறையை, பழைய நிலைகளைக் காத்து வைக்கும் கிட் என்ற கருவியில் ஏற்றிவிடுவேன், ஆட்டோசிஆர்எல்எஃப் அமைப்பை அணைத்துவிட்டு. இல்லாவிட்டால் அது வரிமுடிவைத் தானாக மாற்றி, அந்த வரைபடத்தை அழித்துவிடும். வரி நீளப் பட்டியலை எல்லாக் கோப்புக்கும் முதலிலேயே எடுப்பேன், ஃபோல்டு கை வைத்தவை அதிலேயே வரிசையாகத் தெரிந்துவிடும். கவிதைக் கோப்புகளைத் தனிக் கோப்புறைக்கு முதலிலேயே நகர்த்துவேன். இனி எழுதும் கோப்புகளில் வரியை உடைக்கவே போவதில்லை. விம்மில் செட் ரேப், செட் லைன்பிரேக் இரண்டும் போட்டுவிட்டேன். திரையில் சொல் முடிவில் மடிந்து தெரிகிறது, கோப்புக்குள் பத்திக்கு ஒரே ஒரு வரிமுடிவு.